போலந்து நாத்தனார்

சக்கரபாணி முப்பத்து நான்கு வருடம் விருத்தாசலம் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆங்கிலத்தில் அவருக்குத் தடுமாறாமல் சொல்ல வருவது மணி மட்டும்தான். மற்ற ஆங்கிலமெல்லாம் பஸ் டிக்கெட்டில் அச்சடித்திருந்த அளவுக்குத்தான் தெரியும். ஆனால் அவருக்கு இங்கிலீஷ் தண்ணி பட்ட பாடு என்று மனைவி அம்சவல்லி கல்யாணமான நாளிலிருந்து நம்பிக்கொண்டிருந்தாள். அவரும் அந்த நம்பிக்கையைக் கெடுக்கவில்லை.

அதனால்தான் மாடி வீட்டுக்கு வெளிநாட்டுக் குடும்பம் வருகிறது என்றபோது அவர் மறுக்கவில்லை. தொழிற்பேட்டையில் ஒரு செராமிக் கம்பெனி போலந்திலிருந்து புதுச் சூளை வாங்கியிருந்தது. அதைப் பொருத்தி, ஓட்டிக்காட்டி, ஆட்களைப் பழக்கிவிட்டுப் போக ஒரு வருடம் ஆகும். வந்தவர் பெயர் மாரெக். மனைவி டொரோத்தா. ஏழு வயது மகள் மாயா.

அம்சவல்லி பெயர்களை ஒரு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். "மாரி, துரோபதை, மாயா. நம்மூரு பேருதான். எதுக்குப் பயப்படுறீங்க?"

மாரெக்குக்கும் ஆங்கிலம் அப்படி இப்படித்தான். இரண்டு ஆண்களும் படிக்கட்டில் சந்தித்துக்கொள்ளும்போதெல்லாம் "எஸ், எஸ்" என்று தலையாட்டிக்கொண்டார்கள். அடுத்தவருக்குத் தன்னைவிட அதிகம் தெரியும் என்ற பயம் இருவருக்குமே இருந்தது.

டொரோத்தா யாரோடும் பேசவில்லை. மாரெக் காலையில் சூளைக்குப் போய்விடுவார். மாயா பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவாள். அதற்குப் பிறகு மாடியில் சத்தமே இருக்காது. துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போன அம்சவல்லி ஒரு நாள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். நான்கு பெரிய பெட்டிகளும் சுவரோரம் அப்படியே நின்றன. வேண்டியதை எடுத்துவிட்டு மறுபடி ஜிப்பை இழுத்து மூடி வைத்திருந்தார்கள். அவற்றுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து டொரோத்தா மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

"வந்து அஞ்சு வாரம் ஆவுது, பெட்டியப் பிரிக்கல. எந்த நேரமும் கெளம்பிடுவேன்னு உக்காந்திருக்குது அந்தப் பொண்ணு. நீங்கதான் இங்கிலீஷ் தெரிஞ்சவராச்சே, ரெண்டு வார்த்த ஆறுதலா சொல்லக் கூடாதா?"

"சொல்லலாம், சொல்லலாம்" என்றார் சக்கரபாணி.

அந்த வாரம் சேத்தியாத்தோப்புப் பக்கம் ஒரு அய்யனார் கோயிலில், அம்சவல்லியின் தங்கை கொளஞ்சியம்மாளின் பேரனுக்குக் காதுகுத்து. வீட்டைப் பூட்டிக்கொண்டு போக வேண்டும். மாடிக்குத் தண்ணீர் ஏற்ற ஆள் இருக்காது, முதல் நாளே பிடித்து வைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். சக்கரபாணி மாரெக்கைப் படிக்கட்டில் மடக்கினார்.

"சண்டே. நைன் ஓ கிளாக். வீ கோ. ஃபங்ஷன். வாட்டர்..." அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. கையை விரித்தார். மாரெக்கின் முகம் மலர்ந்தது. "சண்டே! நைன் ஓ கிளாக்! எஸ், எஸ்!"

ஞாயிற்றுக்கிழமை சரியாக ஒன்பது மணிக்கு மூன்று பேரும் படியிறங்கி வந்தார்கள். மாரெக் கோட்டு போட்டிருந்தார். டொரோத்தா பூப்போட்ட கவுனில் இருந்தாள், கையில் அவளே செய்த ஆப்பிள் கேக். மாயா தண்ணீர் பாட்டிலைக் கழுத்தில் மாட்டியிருந்தாள்.

அம்சவல்லி கணவனை ஏற இறங்கப் பார்த்தாள். "கூப்பிட்டுட்டீங்களா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

தனக்கு ஆங்கிலம் வராது என்று ஒப்புக்கொள்வதைவிட மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போவது சக்கரபாணிக்குச் சுலபமாகத் தெரிந்தது. "அதான், நீ ஆறுதல் சொல்லச் சொன்னியே" என்றார்.

பஸ்ஸில் டொரோத்தாவுக்கு ஜன்னலோர சீட்டு கிடைத்தது. கேக்கைச் சேத்தியாத்தோப்பு வரை மடியிலிருந்து இறக்கவே இல்லை. கோயிலில் இறங்கியதும் கொளஞ்சியம்மாள் ஓடி வந்து கேக்கை வாங்கி, வரிசைத் தட்டுகளில் பழத்துக்கும் பூவுக்கும் நடுவில் வைத்தாள். போட்டோக்காரர் பேரனை விட்டுவிட்டு இவர்களையே படம் பிடித்தார்.

மொட்டையடித்த பேரனுக்குக் காது குத்துவதை மாயா கண்ணிமைக்காமல் பார்த்தாள். சுற்றி நின்ற அத்தனை சிறுமிகளின் காதையும் பார்த்தாள். பிறகு தன் காதைப் பிடித்துக்கொண்டு அம்மாவிடம் போலந்து மொழியில் மன்றாட ஆரம்பித்தாள். டொரோத்தா முடியாது என்று நாலு தரம் தலையாட்டினாள். ஐந்தாவது தரம் கைப்பையிலிருந்து ஸ்பிரிட் பாட்டிலை எடுத்து, பத்தரின் ஊசியை வாங்கித் தானே மூன்று முறை துடைத்துக் கொடுத்தாள். மாரெக் முகத்தை அய்யனாரின் குதிரைப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பத்தர் ஊசியை வாங்கிக்கொண்டார், ஆனால் குத்தவில்லை. "தாய்மாமன் எங்கங்க?"

"வெளிநாட்டுப் புள்ளைக்குத் தாய்மாமன் அசலூருலதான் இருப்பாரு" என்றாள் அம்சவல்லி.

"மாமன் மடி இல்லாம என் ஊசி ஏறாதுங்க. எங்க அப்பா காலத்துலேருந்து அப்பிடித்தான்."

"அப்ப போன்ல மடி குடுக்கச் சொல்லு" என்றார் யாரோ. பந்தல் சிரித்தது. கொளஞ்சியம்மாள் சிரிக்கவில்லை. நேராக வந்து, பிரியாணி வாசம் பிடித்து அடுப்புப் பக்கம் நின்றிருந்த சக்கரபாணியின் கையைப் பிடித்தாள்.

"மாமா, நீங்க வந்து உக்காருங்க."

"நானா? நான் வூட்டு ஓனரும்மா!"

"வாடகைக்கு வூடு குடுத்தவரு மடி குடுக்க மாட்டீங்களா? பச்சப்புள்ள ஆசப்படுது."

சக்கரபாணி சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மாயா அவர் மடியில் ஏறி, பிடிமானத்துக்கு அவர் மீசையைப் பிடித்துக்கொண்டாள். ஊசி இறங்கியபோது அவள் ஒரு சத்தமும் போடவில்லை. சக்கரபாணி போட்ட சத்தம் அடுப்படி வரை கேட்டது. இரண்டாவது காதுக்கு இன்னும் பலமாகக் கேட்டது.

எல்லாம் முடிந்ததும் டொரோத்தா வந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் அவள் கண் கலங்கியிருந்தது. சக்கரபாணிக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் கிடையாது. ஒரு கையை மட்டும் விடுவித்து மீசையைத் தடவிக்கொண்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்சவல்லி விரல்விட்டு எதையோ கணக்குப் போட்டுக்கொண்டே வந்தாள். கம்மாபுரம் தாண்டியதும் வாயைத் திறந்தாள்.

"நீங்க அந்தப் புள்ளைக்குத் தாய்மாமன்."

"ஆமா."

"அப்ப துரோபதை உங்களுக்குத் தங்கச்சி."

"அப்பிடித்தான் வருது."

"உங்க தங்கச்சின்னா எனக்கு நாத்தனாரு. நாத்தனாரே இல்லாத வூடுன்னு சொல்லித்தான் எங்கப்பா என்ன உங்களுக்குக் குடுத்தாரு. முப்பத்திரெண்டு வருஷம் நிம்மதியா இருந்தேன். இப்பப் போயி போலந்துலேருந்து கொண்டாந்துட்டீங்களே!"

சொன்னாளே தவிர, முறையில் குறை வைக்கவில்லை. மறுநாள் காலையில் பூவும் குங்குமமும் ஒரு ஜோடி சின்னக் கம்மலும் தட்டில் வைத்து மாடிக்குப் போனாள். பெண் குழந்தை பிறக்கும் என்று எந்தக் காலத்திலோ வாங்கி வைத்த கம்மல். பிறந்தது பையன்தான். மாயாவின் காது ஆறியதும் போட்டுவிடச் சொல்லி ஜாடை காட்டினாள். டொரோத்தா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் மாடியிலிருந்து நான்கு காலிப் பெட்டிகள் இறங்கி வந்தன. படிக்கட்டுக்கு அடியில் வைத்துக்கொள்ளலாமா என்று மாரெக் கையால் கேட்டார். சக்கரபாணி தாராளமாக "எஸ், எஸ்" என்றார்.

அதற்குப் பிறகு டொரோத்தா வீட்டில் இருக்கவே இல்லை. அதாவது மாடியில் இருக்கவில்லை. தெருப் பெண்கள் அவளுக்கு "அண்ணி" என்ற சொல்லைக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். "அண்ணி" என்று கூப்பிட்டுக்கொண்டு கீழே வருவாள். அடுப்படிக்குள் போவாள். மூடியைத் திறந்து குழம்பைக் கரண்டியில் எடுத்து ருசி பார்த்து, உப்பு போதாது என்று உதட்டைப் பிதுக்குவாள்.

"பாத்தீங்களா?" என்று அம்சவல்லி கூடத்தைப் பார்த்துக் கத்துவாள். "எந்த தேசத்துலேருந்து வந்தா என்ன, நாத்தனாரு நாத்தனாருதான்!" கத்திவிட்டு உப்பும் போடுவாள்.

நாலைந்து மாதத்தில் மாயா பள்ளிக்கூடத்துத் தமிழில் வெளுத்துக்கட்டினாள். அந்தச் சமயத்தில்தான் டொரோத்தாவின் கூடப்பிறந்த தம்பி டோமெக் லண்டனிலிருந்து வீடியோவில் கூப்பிட்டான். காதுகுத்துப் படங்களை அக்கா அப்போதுதான் அனுப்பியிருந்தாள். தன் அக்கா மகளை மடியில் வைத்துக்கொண்டு அலறும் மீசைக்காரர் யார் என்று அவனுக்குத் தெரிய வேண்டும்.

டொரோத்தா போனைச் சக்கரபாணியின் கையில் கொடுத்தாள். டோமெக் சரளமான ஆங்கிலத்தில் மூச்சு விடாமல் பேசினான். சக்கரபாணிக்கு வியர்த்தது. கடைசியில் கடிகாரத்தைப் பார்த்து, "ஃபோர் தர்ட்டி, சார்" என்றார்.

அம்சவல்லி முதல் முறையாகக் கணவனைச் சந்தேகமாகப் பார்த்தாள். மாயா விழுந்து விழுந்து சிரித்தாள். "அத்தே, மாமாவுக்கு இங்கிலீஷ் வராது! எங்கப்பாவுக்கும் வராது! ரெண்டு பேரும் சும்மா எஸ் எஸ்ஸுன்னுதான் சொல்லிக்குறாங்க!"

அம்சவல்லி அதை அப்புறம் விசாரித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். இப்போது அவளுக்கு வேறு அவசரம். முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு கதவுக்குப் பின்னால் போய் நின்றாள். துரோபதையோடு பிறந்தவன் என்றால் புருஷனுக்கும் கூடப்பிறந்தவன் முறை. அண்ணன் முறையில் மூத்தாரா, தம்பி முறையில் கொழுந்தனா என்று தெரியாமல் எதிரில் நிற்பது எப்படி?

"மாயா, உங்க மாமனுக்கு வயசு என்னான்னு கேளு."

மாயா கேட்டாள். "முப்பத்தாறாம், அத்தே."

"அட, நம்மாள விட இருவத்தஞ்சு வருஷம் சின்னவன்! கொழுந்தன்தானா!"

அம்சவல்லி முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே வந்தாள். போனைக் கணவன் கையிலிருந்து பிடுங்கி, டோமெக்கின் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"ஏன்யா, சாப்புடுறியா இல்லியா, இப்பிடி ஒட்டிப்போய் கெடக்குற? முப்பத்தாறு வயசாவுது, கல்யாணம் ஆச்சா? ஆவலன்னா சொல்லு, சேத்தியாத்தோப்புல எங்க சொந்தத்துலயே ஒரு பொண்ணு இருக்குது. மாயா, நான் சொன்னத ஒண்ணு விடாம சொல்லுடி அவனுக்கு."