கிளிக்கு அனுமதி இல்லை

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை அண்ணியிடம் சுட்டது. அண்ணி ஒரு மருத்துவமனையில் நிர்வாக அதிகாரி. அவர் சிரித்துச் சிரித்துப் புரையேறியபடி சொன்னதை நான் கட்டுரையாக்கத்தான் உட்கார்ந்தேன்.

'கொள்கை என்ற ஒரே சொல்லில் இரண்டு பேர் குடியிருக்கிறார்கள். ஒருவர் அறிவிப்புப் பலகையில் தொங்குகிறார். இன்னொருவர் நெஞ்சுக்குள்...'

(கொட்டாவி வருகிறதா? எனக்கும் வந்தது. அந்த வரிகளை அடித்துவிட்டேன். கிளியைக் கூப்பிடுகிறேன்.)

2

ஒரு தையல்காரர். மறுநாள் இதய ஆபரேஷன். சம்மதக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று பேனாவை மூடிவிட்டார்.

"என் கிளியை ஒரு தடவை பாத்துடறேன். அப்புறம் எங்க வேணாலும் போடறேன்."

மகள் கூண்டோடு வாசலில் நிற்கிறாள். உள்ளே பிராணிகளுக்கு அனுமதி இல்லை. கிருமிக்குப் பயந்து அந்த விதியை எழுதியதே அண்ணிதான்.

'அண்ணி உதட்டைச் சுழித்து, ஈவிரக்கமில்லாமல்...'

(வேண்டாம். படித்தாரென்றால் அந்த வீட்டில் எனக்குக் காப்பி கிடைக்காது.)

"விதியை மீறப் போறீங்களா மேடம்?" என்று கேட்டார் நர்ஸ்.

"எதுக்கு மீறணும்? கிளி உள்ள வரக் கூடாதுன்னுதானே எழுதினேன்? இவர் வெளிய போகக் கூடாதுன்னா எழுதினேன்? இவருக்குக் கெடுதல் வரக் கூடாதுன்னுதான் விதியே. இப்ப பயமே இவரைக் கொன்னுடும் போலிருக்கு. டாக்டர், கீழ கூட்டிட்டுப் போலாமா?"

டாக்டர் தலையாட்டினார். "தள்ளுங்க கட்டிலை!" என்றார் அண்ணி.

சலைன் பாட்டில் ஆட, சக்கரம் கிறீச்சிட, ஊர்வலம் கார் நிறுத்துமிடத்துக்குக் கிளம்பியது. நர்ஸ் முன்னால் ஓடி, நிறுத்தியிருந்த கார்களை நகர்த்தச் சொல்லிக் கத்தினார்.

3

தையல்காரர் கம்பிக்குள் விரலை நீட்டினார். அப்போது வானம்...

(வானம் ஒன்றும் செய்யவில்லை. கிளிதான் கத்தியது.)

"கையைத் தூக்கு! அளவு எடுக்கணும்!"

டாக்டர் சட்டென்று இரண்டு கையையும் தூக்கிவிட்டார்.

தையல்காரர் சிரித்தார், அழுதார், பேனா கேட்டார்.

கிளி பறந்து ஆபரேஷன் தியேட்டருக்குள் போனதாக ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். தையல்காரர் இறந்துபோனதாக இன்னொன்று. கண்ணீருக்கு எப்போதும் கிராக்கி உண்டு. இரண்டுமே புளுகு. மனிதர் பிழைத்து, வீட்டில் கிளியோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்.

4

இங்கே முற்றும் போடலாமென்று பார்த்தால், ஃபோன். அண்ணி.

"ஐ.சி.யூ.ல ஒருத்தர். கட்டிலை ஒரு இன்ச் நகர்த்தக் கூடாதுன்னுட்டார் டாக்டர். அவரும் பாத்தே ஆகணுமாம்."

"கிளியா அண்ணி?"

"குதிரைடா! மகன் வாசல்ல பிடிச்சுட்டு நிக்கிறான். என்ன பண்ணட்டும்?"

"அது வந்து... கொள்கைன்னு பாத்தா..."

"கட்டுரையெல்லாம் அப்புறம் படி. குதிரை லிஃப்ட் பக்கம் நடக்குது!"

வாசகரே, ஃபோனை உங்களிடம் நீட்டுகிறேன். இந்தாருங்கள், நீங்கள் பேசுங்கள். அண்ணி லைனில்தான் இருக்கிறார்.