டார்ச் பிடித்தவள்

மாமனார் வீட்டுச் சோறு தொண்டையில் இறங்காது என்று சொல்பவர்களை அவன் நம்பியதே இல்லை. அவனுக்கு நன்றாகவே இறங்கியது. எட்டு மாதமாக இறங்கிக்கொண்டிருந்தது. இறங்காமல் நின்றது மாமனாரின் மரியாதை மட்டும்தான்.

மாமனார் பஸ் டெப்போவில் முப்பது வருடம் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மாப்பிள்ளையை ஒருநாளும் ஒருமையில் அழைத்ததில்லை. வாங்க, உட்காருங்க என்று தாங்குவார். தாங்கிக்கொண்டே தோலை உரிப்பார்.

"மாப்ளே, பேப்பர் படிச்சிட்டுக் குடுங்க, அவசரமில்ல. நானும் ரிட்டயர் ஆயிட்டேன், நீங்களும் ரிட்டயர் ஆயிட்டீங்க. எனக்கு அறுபது வயசு ஆச்சு, நீங்க முப்பத்தி நாலுலயே முடிச்சிட்டீங்க, கெட்டிக்காரர்."

அவன் ஒரு கிடங்கில் பில்களுக்கு முத்திரை குத்தும் குமாஸ்தாவாக இருந்தான். கிடங்கை மூடினார்கள். மூடிய அன்று மாலை வீட்டுக்கு வந்தவன், முத்திரை மையில் ஊறிய விரலை மனைவியின் முகத்துக்கு நேரே நீட்டி, "எல்லாம் உன்னைக் கட்டின நேரம்" என்றான். வாடகை வீட்டைக் காலி செய்தபோதும் அதையே சொன்னான். அவள் அப்பா வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு குரலைத் தாழ்த்திச் சொன்னான். அவள் பதில் பேசாதவள். பதில் பேசாதவளைத் திட்டுவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. எங்கே நிறுத்துவது என்று யோசிக்க வேண்டியதில்லை.

எட்டாவது மாதத்தில் அவனுக்கு விடிவு வந்தது. வெளியூரில் ஒரு மருந்து மொத்த வியாபாரி, கடை கடையாகப் போய் ஆர்டர் எடுக்க ஆள் தேடினார். தங்க இரண்டு அறை வீடும் உண்டு. ஒரே நிபந்தனை, சொந்தக் கார் வேண்டும். ஒன்றாம் தேதி பகல் பன்னிரண்டு மணிக்குள் காரோடு வந்து நிற்க வேண்டும், கார் இல்லாமல் வந்தால் வாசலோடு திரும்பலாம் என்று மேனேஜர் போனிலேயே சொல்லிவிட்டார்.

கார் இருந்தது. மாமனாரின் பழைய கார், வீட்டுக்குப் பக்கவாட்டில் தகரக் கொட்டகைக்குள் நின்றது. அவர் தன் கையாலேயே பழுது பார்த்து ஓட்டியது. இப்போது விரல் மூட்டெல்லாம் வீங்கிப்போய், மருந்து பாட்டில் மூடியைக்கூட மகளிடம் நீட்டுகிற நிலைமை. மாப்பிள்ளை காரைக் கேட்டதும் அவர் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"தாராளமா எடுத்துக்கங்க மாப்ளே. ஆனா வழியில நின்னு போச்சுன்னா என் பொண்ணுல்ல நடு ரோட்டுல நிப்பா? இன்னும் இருபது நாள் இருக்கு. நீங்களே பாருங்க. தொடர்ந்து ஏழு நாள் காலையில ஒரே சாவியில ஸ்டார்ட் ஆகட்டும். எட்டாம் நாள் வண்டி உங்களுது."

மறுநாள் காலை சாவியைத் திருப்பினான். டிக், டிக் என்றது. வேறொன்றும் நடக்கவில்லை.

அவன் பேட்டரியைக் கழற்றித் தோளில் வைத்து இரண்டு தெரு தாண்டித் தூக்கிக்கொண்டு போனான். கடைக்காரர் மீட்டரை வைத்துப் பார்த்து, பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார். மறுபடி மாட்டும்போதுதான் தெரிந்தது, பேட்டரி முனையைக் கவ்வும் நட்டு தளர்ந்து கிடந்தது. காலையில் அதை ஸ்பானர் இல்லாமல் வெறும் கையாலேயே கழற்றியிருக்கிறான். அது ஏன் என்று அப்போது தோன்றவில்லை.

"பேட்டரிக்கு ஊரைச் சுத்திக் காட்டிட்டு வந்துட்டீங்க. அதுக்கும் பொழுது போகணும்ல" என்றார் மாமனார். மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

மூன்று காலை ஒழுங்காகக் கிளம்பியது. நான்காம் காலை இருமி இருமி உடம்பெல்லாம் உதறியது. கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து. அவன் நான்கு பிளக்கையும் கழற்றிக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தான். கொட்டகைக்குள் பகலிலேயே இருட்டாக இருக்கும், மனைவிதான் டார்ச் பிடித்தாள். சின்ன வயதிலிருந்து அப்பாவுக்கு டார்ச் பிடித்துப் பழகிய கை, கொஞ்சமும் ஆடாது. ஆனால் அவள் பிளக் இருக்கும் இடத்தை விட்டுவிட்டு, ஒயர்களின் மறுமுனைக்கே வெளிச்சத்தைக் கொண்டுபோனாள்.

"அங்க என்ன தெரியுதுன்னு காட்டற? பிளக்கு இங்க இருக்கு. ஒரு டார்ச் புடிக்கத் துப்பில்ல."

அவள் வெளிச்சத்தை அவன் சொன்ன இடத்துக்கு மாற்றினாள். தேய்த்த பிளக்குகளை மாட்டியும் வண்டி உதறியது. மறுநாள் மத்தியானம்தான் இரண்டு ஒயர்கள் இடம் மாறியிருந்தது கண்ணில் பட்டது, திருப்பி மாட்டியதும் உதறல் நின்றது. தானே அவசரத்தில் மாற்றி மாட்டியிருப்போம் என்று நினைத்து, அதை யாரிடமும் சொல்லாமல் அசடு வழிய எழுந்து வந்தான். "குளிப்பாட்டி விட்டீங்களே, பவுடர் போட்டீங்களா?" என்று மாமனார் கேட்டார்.

அடுத்த கோளாறு பெரிய கூத்து. செல்ஃப் நன்றாக அடித்தது, என்ஜின் பிடிக்கவில்லை. போனில் ஒரு வீடியோ பார்த்தான். சாவியைப் பாதி திருப்பினால் பின் சீட்டுக்கு அடியில், பெட்ரோலை இழுக்கும் மோட்டார் இரண்டு நொடி உறுமும், உறுமாவிட்டால் மோட்டார் போச்சு என்று வீடியோக்காரர் சத்தியம் செய்தார். அவன் பின் சீட்டில் காதை வைத்துப் படுத்தான். உறுமவில்லை. சீட்டைப் பெயர்த்தான். மூடியைத் திறந்தான். கொட்டகை முழுக்கப் பெட்ரோல் நாற்றம். மனைவியோ முன் கதவருகே குனிந்து, ஸ்டியரிங்குக்குக் கீழே வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்தாள்.

"அறிவிருக்கா உனக்கு? டாங்கி பின்னாடி இருக்கு, நீ முன்னாடி காட்டற. உன்னை வச்சுக்கிட்டு நான் எங்க உருப்பட?"

"சரிங்க" என்றாள்.

இரண்டு நாள் கழித்து, ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த பெட்டியில் ஒரு பியூஸ் எரிந்துபோனதைக் கண்டுபிடித்தான். அதை மாற்றியதும் வண்டி கிளம்பியது. தானாகவே கண்டுபிடித்துவிட்டதில் அவனுக்கு அப்படியொரு பெருமை. மனைவியைக் கூப்பிட்டு எரிந்த பியூஸைக் காட்டி, மின்சாரம் எப்படி ஓடுகிறது என்று கால் மணி நேரம் விளக்கினான். அவள் கவனமாகக் கேட்டாள்.

முப்பதாம் தேதி காலை வண்டி கிளம்பிக் கிளம்பி நின்றது. ஏர் ஃபில்டரிலிருந்து என்ஜினுக்குப் போகும் தடித்த ரப்பர் குழாய் கழன்று கிடந்தது. இதை அரை மணியிலேயே பிடித்துவிட்டான், அந்த அளவுக்கு இந்த இருபது நாளில் தேறியிருந்தான். குழாயை இறுக்கும் பட்டையின் திருகை அப்போதுதான் உற்றுப் பார்த்தான். திருகு முழுக்க அழுக்கும் எண்ணெயும் அப்பியிருக்க, நடுவில் உள்ள கோடு மட்டும் புதிதாகப் பளபளத்தது. யாரோ ஸ்க்ரூ டிரைவர் வைத்துத் திருப்பியிருக்கிறார்கள்.

அவன் அங்கேயே குந்திவிட்டான். நட்டு, ஒயர், பியூஸ், குழாய். எல்லாம் கைவேலை. மாமனாரின் வீங்கிய மூட்டு, பாட்டில் மூடி, எல்லாம் நடிப்பு. அவனுக்குக் கோபத்தைவிட சந்தோஷம்தான் அதிகம் வந்தது. எட்டு மாதமாகப் பட்ட அவமானத்துக்கெல்லாம் ஒரே காலையில் பதில் கிடைக்கப்போகிறது. கிழவரைக் கையும் களவுமாகப் பிடித்து, மாமியார் முன்னால், மனைவி முன்னால் வைத்து மூக்கை உடைக்க வேண்டும். அப்பாவின் லட்சணத்தைப் பார்த்தால் அவள் நின்ற காலில் கிளம்பிவிடுவாள்.

அன்று சாயங்காலம் மாமனாரே வழியமைத்துக் கொடுத்தார். "ஏழு நாளெல்லாம் விடுங்க மாப்ளே. பாவம், நீங்களும் எவ்வளவுதான் படுவீங்க. நாளைக்குக் காலையில ஒரே ஒரு தடவை ஸ்டார்ட் ஆகட்டும், எடுத்துட்டுப் போங்க."

அவன் பெட்டியின் அடியிலிருந்து பழைய முத்திரை மைப் புட்டியை எடுத்தான். ஊதா மை. எதைப் போட்டுத் தேய்த்தாலும் விரலில் இரண்டு நாள் இருக்கும், அது அவன் பத்து வருட அனுபவம். பானட்டைத் திறக்க, அதன் விளிம்புக்கு அடியில் இரண்டு விரலை விட்டுக் கொக்கியைத் தள்ள வேண்டும். மையைக் கொஞ்சம் கிரீஸில் குழைத்து ஒரு குச்சியால் அந்தக் கொக்கியில் தடவினான். பியூஸ் பெட்டி மூடியின் உட்பக்கத்திலும் தடவினான். சாவி வழக்கம்போல சமையலறைக் கதவோரம் ஆணியில் தொங்கியது.

ஒன்றாம் தேதி காலை ஆறரைக்கே குளித்துத் தயாரானான். பெட்டிகளைக் காரின் டிக்கியில் ஏற்றினான். மனைவியின் பெட்டி ரொம்ப லேசாக இருந்தது. சிக்கனக்காரி என்று நினைத்துக்கொண்டான். வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்கவில்லை, நேரே வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தான்.

மாமனார் டீ டம்ளரை இரண்டு கையாலும் ஏந்திக் குடித்துக்கொண்டிருந்தார். பத்து விரலும் சுத்தமாக இருந்தன. அவன் குனிந்து, கீழே எதையோ தேடுவதுபோலப் பார்த்தான். நகக்கண்ணில்கூட ஊதா இல்லை. மாமியாரின் கை மாவுபோல வெளுத்திருந்தது. அப்படியானால் நேற்று ராத்திரி யாரும் வண்டியைத் தொடவில்லை, வண்டி கிளம்பிவிடும். அவனுக்கு முகமெல்லாம் பல்லாயிற்று.

அப்போது மனைவி அவன் முன்னால் டம்ளரை வைத்தாள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நுனியிலிருந்து இரண்டாம் கணு வரை ஊதாவாக இருந்தன. அவள் கையை மறைக்கவில்லை. டம்ளரை நன்றாக அவன் பக்கம் நகர்த்திவிட்டுத்தான் எடுத்தாள்.

டீ ஆறியது. கொட்டகைக்குப் போகலாம் வா என்று கண்ணைக் காட்டினான். அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

"உன் கையில என்ன?"

"உங்க மைதான். போகாதுன்னு எனக்கும் தெரியும். உங்க சட்டையெல்லாம் இத்தனை வருஷம் நான்தானே துவைச்சேன்."

"எல்லாம் நீயா?"

"ஆமா."

"உங்கப்பா சொல்லியா?"

"அப்பாவுக்குத் தெரியாது. அவர் பண்ணியிருந்தா நீங்க கண்டே பிடிச்சிருக்க மாட்டீங்க. நான் உங்களுக்கு லேசானதாத்தான் பார்த்துப் பார்த்து வச்சேன்." பழகிய தாழ்ந்த குரலில் சொன்னாள்: "டார்ச்சைக்கூட அங்கதான் காட்டினேன்."

திட்டுவதற்கு வாயைத் திறந்தான். கேள்விதான் வந்தது.

"வர இஷ்டமில்லன்னா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா அப்பா காரைக் குடுத்திருக்க மாட்டார், வேலையும் போயிருக்கும், அதுவும் என்னாலதான் போச்சுன்னு சாகுற வரைக்கும் சொல்லியிருப்பீங்க. இப்ப காரைச் சொல்லுவீங்க. அதுக்கு வலிக்காது."

அவள் சொன்னதில் கோபம் துளியும் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவன் தப்பித்திருப்பான். மணி ஏழே முக்கால். வழியில் எங்கும் நிற்காமல் ஓட்டினால் நாலு மணி நேரப் பயணம். இன்னும் கால் மணிக்குள் கிளம்பினால் போய்ச் சேரலாம்.

அவன் சாவியைத் திருப்பினான். செல்ஃப் அடித்தது, என்ஜின் பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினான், மறுபடியும்.

"இன்னைக்கு என்ன பண்ணி வச்சிருக்க? சொல்லித் தொலை."

"நீங்களே பாருங்க."

"சொல்லு. உன் கால்ல வேணா விழறேன்."

அவள் ஒரு அடி பின்னால் நகர்ந்து நின்றாள். "தெரியலன்னா சொல்லுங்க, அப்பாவைக் கூப்பிடறேன்."

கூப்பிட்டால் கிழவர் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். கூடவே மகளின் விரலையும் பார்த்துவிடுவார். பிறகு இந்த வீட்டில் ஒவ்வொரு வேளைச் சோற்றோடும் இந்தக் கதையும் பரிமாறப்படும், மரியாதையாக. அவன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். பானட்டைத் தூக்கினான். பேட்டரி நட்டை இறுக்கிப் பார்த்தான். ஒயர்களை எண்ணினான். குழாயை அமுக்கினான். பியூஸ் பெட்டியைத் திறந்து, ஒவ்வொன்றாகப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்துத் திரும்பச் செருகினான். அவன் விரலெல்லாம் ஊதாவாயிற்று.

மணி எட்டரை ஆனது. ஒன்பது ஆனது. மேனேஜரிடமிருந்து போன் இரண்டு தடவை அடித்து ஓய்ந்தது. வீட்டுக்குள்ளிருந்து மாமனாரின் குரல் வந்தது. "என்ன மாப்ளே, சத்தமே காணோம்? டார்ச் இருக்கா, அனுப்பட்டுமா?"

"என்கிட்ட இருக்குப்பா" என்று அவள் பதில் கொடுத்தாள்.

அவள் அவன் பக்கத்தில் வந்து நின்று டார்ச்சைப் போட்டாள். அவன் பதைத்துப்போய், அந்த வெளிச்சம் எங்கே போகிறது என்று கண்ணை இமைக்காமல் பார்த்தான். அது தரையில்தான் கிடந்தது. இங்கே காட்டு என்றான், காட்டினாள். அங்கே காட்டு என்றான், அங்கேயும் காட்டினாள். கை கொஞ்சமும் ஆடவில்லை. பத்து மணி வரை அவன் சொன்ன இடத்தில் மட்டுமே காட்டிக்கொண்டிருந்தாள்.