ஒரு பக்கம் மட்டும் வழித்த கூரை

1
இந்தக் கதை ஒரு சண்டையிலிருந்து வந்தது. சண்டை என்னுடையதல்ல. சண்டைக்காரர்களுக்குத் தேநீர் போடுவதுதான் என் வேலை.

‘வெண்பனி மலர்போல் பொழிந்த அந்தக் காலையில்—’

வேண்டாம். எங்கள் ஸ்லோவாக்கியாவில் பனியை மலர் என்றால், பனி தள்ளும் பலகையாலேயே அடிப்பார்கள்.

2
எங்கள் விமானக் கொட்டகைக்கு நடுவில் தூண் கிடையாது, இறக்கைகள் இடிக்கும். தரையில் ஒரு மஞ்சள் கோடு. இந்தப் பக்கம் ரூடோவின் இன்ஜின் இல்லாத கிளைடர்கள். அந்தப் பக்கம் கமிலின் மருந்து தெளிக்கும் விமானம். இருவரும் அக்காள் தங்கையைக் கட்டியவர்கள். அறுவடைக் காலத்திலிருந்து பேச்சு கிடையாது. (காரணம் கேட்காதீர்கள். சில காரணங்களை எழுதிப் பார்த்தேன். எல்லாமே அவர்களைவிடப் பெரியவையாக இருந்தன.)

3
விடாமல் ஈரப்பனி. ரூடோ தன் பாதிக் கூரையைச் சுத்தமாக வழித்துத் தள்ளினார். முகடு வரைக்கும்தான், அதற்கு அந்தப் பக்கம் ஒரு கரண்டிகூட இல்லை. அவர் இறங்கியதும் கூரை முனகியது. கமில் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்:

“பாப்பா, ஒங்க ரூடோகிட்ட சொல்லு. ரெண்டு பக்கமும் சமமா எறக்கணும். ஒரு பக்கம் மட்டும் வழிச்சா கூரை சாயும். மொட்டை போட்டா முழுசாப் போடணும்.”

பக்கத்திலேயே நின்ற ரூடோ சொன்னார்: “அவரு பாதியில நான் கை வெச்சா கேஸ் போடுவாருன்னு சொல்லு பாப்பா.”

நான் சொல்லவில்லை. இருவருக்கும் காது நன்றாகவே கேட்கும்.

(இங்கே ஒரு பொறியாளரை வரவழைத்தேன். சாலை பனியில் மூடியிருந்ததால் அவரைக் கோடு போட்டு அடித்துவிட்டேன்.)

4
கூரை விழுந்தால் மஞ்சள் கோட்டைப் பார்த்து விழாது. கமில் ஏறத் தயாரானார். முகட்டின்மேல் ஒரு கயிறு. ஒரு முனை அவர் இடுப்பில், மறுமுனை, வழித்த பக்கத்தில் ஏறி நிற்கப்போகும் ரூடோவின் இடுப்பில்.

“கயித்த விட்டுடுவாரான்னு கேளு பாப்பா.”

“விட்டா இவரு பொண்டாட்டி எங்க வீட்டுலதான் வந்து தங்குவா. அந்தப் பயம் இருக்குன்னு சொல்லு.”

5
கூரை விழுந்ததாக ஒரு முடிவு எழுதினேன். கிளைடர்களை நினைத்தால் பாவமாக இருந்தது. இருவரும் கட்டிப்பிடித்து அழுததாக இன்னொன்று. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஆகவே இங்கேயே நிற்கிறேன். கமில் முகட்டைத் தாண்டி இறங்கிவிட்டார். தொப்பியும் மறைந்துவிட்டது. கூரை மறுபடி முனகுகிறது. மேலே, இருவருக்கும் நடுவில் நான் இல்லை. அந்தப் பக்கமிருந்து குரல் வருகிறது:

“சகல, புடிச்சிருக்கியா?”

ரூடோவின் பதிலை நீங்கள் எழுதுங்கள். ஒரு வார்த்தை போதும். நல்ல வார்த்தையாகத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். கமில் பனிமேல் நிற்கிறார்.