நூற்றுப் பதின்மூன்று துண்டுகள்

லிப்ட் மெக்கானிக் ஒருவர் மாடிப்படியில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டால் ஊர் சும்மா இருக்குமா? விசாரிக்க வந்த எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "ஏங்க, லிப்டுல போயிருக்கக் கூடாதா?" முதல் இரண்டு பேருக்குச் சிரித்தார். அப்புறம் யார் வந்தாலும் போர்த்திக்கொண்டு தூங்குவதுபோல் படுத்துவிட்டார்.

அவர் மனைவி தையல்காரி. வீட்டின் முன்னறையில்தான் தையல் மெஷின். மூன்று வருஷமாக, தைத்து மிஞ்சிய துணிகளில் நல்லதாகப் பார்த்துச் சதுரம் சதுரமாக வெட்டிப் பெட்டியில் போட்டு வந்தாள். எல்லாம் ஒரே அளவு. தைத்து முடித்தால் பக்கத்துக்கு அரையடி வரும். அவற்றைச் சேர்த்து ஒரு போர்வை தைக்க வேண்டும் என்பது அவள் ஆசை.

அன்று காலை வேலை குறைவு. தரையில் பரப்பினாள். வரிசைக்குப் பத்து வைத்தாள், மூன்று மிஞ்சியது. கலைத்துப் பன்னிரண்டு வைத்தாள், ஐந்து மிஞ்சியது. ஒன்பதிலும் ஐந்து.

"என்ன எழவு இது!" என்று முணுமுணுத்தாள்.

கட்டிலிலிருந்து அவர் எட்டிப் பார்த்தார். "மொத்தம் எத்தனை?"

"நூத்திப் பதிமூணு."

ஒரு வாரமாக வாயைத் திறந்தாலே எரிந்து விழுந்தவர், ஊன்றுகோலைப் பிடித்து மெல்ல எழுந்து வந்து, கட்டுப்போட்ட காலை நீட்டித் தரையில் உட்கார்ந்தார்.

"ஒத்தப்படை. அதனால ரெண்டால போகாது. நாலு, ஆறு, எட்டு எல்லாம் அதோட அவுட்டு. ஒண்ணும் ஒண்ணும் மூணும் கூட்டினா அஞ்சு, மூணாலயும் போகாது. அப்போ ஒன்பதும் இல்ல. கடைசியில அஞ்சோ சைபரோ இல்ல, அதனால அஞ்சு, பத்து ரெண்டும் இல்ல. மிச்சம் ஏழுதான்."

ஏழு ஏழாக இருவரும் அடுக்கினார்கள். பதினாறு வரிசை வந்து, ஒரே ஒரு துண்டு அவள் கையில் நின்றது.

"போச்சு. இது பகா எண்ணு. எப்படிப் போட்டாலும் வராது" என்றார் அவர்.

"பதினொண்ணு, பதிமூணெல்லாம் பாக்கவே இல்லையே? அதுக்குள்ள முடிச்சுட்டா எப்படி?"

"நீளம், அகலம் ரெண்டுமே பதினொண்ணோ அதுக்கு மேலயோ இருந்தா, குறைஞ்சது நூத்தி இருபத்தொண்ணு துண்டு வேணும். நம்மகிட்ட அவ்வளவு இல்ல. அப்போ ஏதாவது ஒரு பக்கம் பத்துக்குள்ளதான் வரணும். பத்து வரைக்கும்தான் பாத்துட்டோமே!"

அவள் துண்டுகளைப் பார்த்தாள். ஒரு வரிசையை நெடுக்காகவும் குறுக்காகவும் மனதுக்குள் திருப்பிப் பார்த்தாள். "ஆமால்ல!" என்றாள். இவ்வளவு நேரம் தன் கை சரியாக அடுக்கவில்லை என்று நினைத்தவளுக்கு, தப்பு எண்ணில்தான் என்றதும் பெரிய நிம்மதி.

"ஒண்ணைத் தூக்கிப் போட்டுரு. நூத்திப் பன்னெண்டு, எட்டுக்குப் பதினாலு வரும்."

"நாலடி அகலம் யாருக்குக் காணும்? ராத்திரி நீங்க இழுக்க, நான் இழுக்க, சண்டைதான். அதுவுமில்லாம எதைத் தூக்கிப் போடறது? ஒவ்வொண்ணும் பாத்துப் பாத்து வெட்டினது."

"அப்போ கூட்டுவோம். நூத்திப் பதினாலு, ஆறுக்குப் பத்தொன்பது. பாம்புக்குப் போர்வை மாதிரி இருக்கும். நூத்திப் பதினஞ்சு, நூத்திப் பதினாறும் அப்படித்தான். நூத்திப் பதினேழு..." விரல் விட்டு எண்ணினார். முகம் மலர்ந்தது. "ஒன்பது பதிமூணு! நாலரையடிக்கு ஆறரையடி. இன்னும் நாலு துண்டு இருந்தாப் போதும்."

"துணிக்கு எங்க போறது? பெட்டி காலி."

கட்டுப்போடும்போது ஆஸ்பத்திரியில் முழங்கால் வரை கிழித்த அவருடைய நீல யூனிபார்ம் பேன்ட் அலமாரியில் கிடந்தது. தூக்கிப் போடவும் மனசில்லை, போட்டுக்கொள்ளவும் முடியாது. அதைச் சொல்லிவிட்டுக் கேட்டார்:

"நாலு தேறுமா?"

"தாராளமா. பட்டன் இருந்தா எடுத்து வச்சுக்கறேன்."

அடுத்த நான்கு நாளும் அவர் வரிசை பார்த்து எடுத்துக் கொடுக்க, அவள் தைத்தாள். பக்கத்தில் பக்கத்தில் ஒரே நிறம் வந்தால் அவர் விடவில்லை. அவிழ்த்துத் தைக்கச் சொன்னார். அவள் திட்டிக்கொண்டே அவிழ்த்தாள். கூடுதலாகக் கிடைத்த அந்த அரையடியில், போர்வை இருவரையும் இழுபறி இல்லாமல் மூடியது. கட்டு பிரித்து வேலைக்குப் போன முதல் நாள், லிப்ட் கதவுக்குள் ஒட்டியிருந்த "எட்டுப் பேருக்கு மட்டும்" என்ற தகட்டைப் பார்த்து, "நாலு ரெண்டு எட்டு" என்று அவர் வாய் தானாகச் சொன்னது.