ஐவின்டும் கை தூக்கினான்

வெள்ளிக்கிழமை வகுப்புக் கூட்டத்துக்கு வந்தவர்கள் நால்வர். ஜன்னலோரம் ப்ரேபன், அவனை ஒட்டி விபேகே, கதவுக்கு முதுகு காட்டி யுட்டே, மேசையின் தலைப்பக்கத்தில் குறிப்பேட்டோடு மெரெட்டே. ஐவின்டின் நாற்காலியில் யாரோ மேலங்கியைப் போட்டு வைத்திருந்தார்கள். அவன் மூன்று வாரமாக ஆஸ்பத்திரியில் கிடந்தான். வலது காலில் பனிக்கடியால் கருகிய இரண்டு விரல்களை எடுத்தாயிற்று.

கூட்டத்துக்கு முறைவைத்து ஒருவர் கேக் கொண்டுவருவது விடுதிப் பள்ளியின் வழக்கம். விபேகே தேங்காய்த் துருவல் கேக் சுட்டிருந்தாள். ப்ரேபன் இரண்டாவது துண்டை மென்றுகொண்டே, ஐவின்டின் அம்மாவுக்கு எல்லோர் பேரிலும் பதில் போயாக வேண்டும் என்றான். அந்த அம்மாள் எழுதிக் கேட்டிருந்தது ஒன்றுதான்: என் பிள்ளை ஏன் விறகுக் கொட்டகையில் படுத்தான்?

நடந்தது இது. லிம்ஃபியோர்டு கடற்கழியின் சிறு தீவொன்றில் ஐவரும் முகாமிட்டிருந்தார்கள். ரொட்டி வாங்கிவரக் கரைக்குப் போன போடில் என்ற ஆசிரியை, பனிப்புயலால் அங்கேயே மாட்டிக்கொண்டாள். நான்கு நாள் படகும் இல்லை, தொலைபேசியும் இல்லை. இரண்டாம் நாள் ஐவின்டுக்கு வயிற்றுப்போக்கு பிடித்துக்கொண்டது. இருந்ததோ ஒரே அறை, ஒரே அடுப்பு. நாற்றம் தாங்கவில்லை. அதற்காக யாரும் கத்தவில்லை, அடிக்கவில்லை. மேசையைத் துடைத்துக் கூட்டம் போட்டார்கள். மற்றவர் நலன் கருதி அவன் கொட்டகையில் படுக்கலாமா என்று ஓட்டுக்கு விட்டார்கள். நான்கு கைகள் எழுந்தன. மெரெட்டேயின் கையும்தான்.

கடைசியில் ஐவின்டும் தூக்கினான்.

“அவனே ஓட்டுப் போட்டான்ல? அதை மட்டும் எழுது. பொய் ஒண்ணும் இல்லையே” என்றான் ப்ரேபன்.

“அவங்கம்மாவுக்கும் மனசு ஆறும்டி.” விபேகே விரலில் ஒட்டிய சர்க்கரையை நக்கினாள்.

பொய்யில்லைதான். அதுதான் மெரெட்டேயை உறுத்தியது. வாசகம் ஓட்டுக்கு வந்தது: ‘ஐவின்ட் உட்பட அனைவரும் ஒருமனதாக முடிவெடுத்தோம்.’ யுட்டே தலை நிமிராமலே கை தூக்கினாள். மூன்று கைகள். மெரெட்டேயின் கை மடியிலேயே இருந்தது.

“மூணுக்கு ஒண்ணு” என்று சிரித்தான் ப்ரேபன். “எழுது தாயே.”

எழுதினாள். மூவரும் கையெழுத்திட்டுவிட்டுத் தட்டுகளைக் கழுவப் போனார்கள். பேச்சும் சிரிப்பும் சமையலறையிலிருந்து கேட்டன. தாளில் பாதி மிச்சமிருந்தது. அவள் தொடர்ந்தாள்:

‘இனி வருவது நான் மட்டும் எழுதுவது. நான்கு கை எழுந்ததுமே முடிவாகிவிட்டது. ஆனாலும் ப்ரேபன் எண்ணிக்கையை முடிக்கவில்லை. நாங்கள் எல்லோரும் ஐவின்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் கை தூக்கியதும் விபேகே அவனுக்கு நன்றி சொன்னாள். விடிகாலையில் அவன் வந்து கதவைத் தட்டினான், இரண்டு தடவை. நான் விழித்துத்தான் இருந்தேன். போர்வை கதகதப்பாக இருந்தது. நான் திறக்கவில்லை. அதற்கு யாரும் ஓட்டெடுக்கவில்லை.’

கீழே தன் பெயரையும் தேதியையும் போட்டாள். உறையின் பசையை நாக்கால் தடவி ஒட்டினாள். வாயெல்லாம் கசந்தது. மேலங்கியைக்கூட எடுக்காமல் பனியில் இறங்கிப் போய், சாலை முனையிலிருந்த சிவப்புப் பெட்டிக்குள் கடிதத்தைப் போட்டாள்.