மேல் வரிசைப் புள்ளி

ஒரு வாரமாக மாமாவின் பேச்சு திக்கியது. அவர் சொந்தத் தொண்டையில் பேசுவது நின்று நாளாகிவிட்டது. நரம்பு நோய் காலில் தொடங்கி, கை, கழுத்து, நாக்கு என்று ஒவ்வொன்றாக முடக்கிக்கொண்டே வந்து, கண்ணை மட்டும் விட்டுவைத்திருந்தது. கட்டிலுக்கு எதிரே இரும்புத் தாங்கியில் நிற்கும் திரையும் அதன் அடியில் ஒட்டியிருக்கும் கேமராவும்தான் இப்போது அவருக்கு வாய். திரையில் எழுத்துகள் கட்டம் கட்டமாக இருக்கும். அவர் ஒரு கட்டத்தைப் பார்த்தால், கருவிழி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கேமரா கணக்குப் போட்டு அந்த எழுத்தை எடுத்துக்கொள்ளும். வாக்கியம் சேர்ந்ததும் பெட்டி வாசிக்கும்.

உண்மையில் திக்கியது பெட்டிக்குள் இருந்த பழைய ஹார்ட் டிஸ்க். அதற்குள் ஒரு தட்டு சுழலும், அதன்மேல் ஒரு முனை ஓடிப் படிக்கும். தட்டு கெட்டுப்போன இடத்தில் முனை திரும்பத் திரும்ப முட்டிக்கொண்டு நிற்க, அவர் சொல்லவந்ததும் பாதியில் நின்றுவிடும்.

"டிஸ்க்குக்குப் பதிலா புது எஸ்எஸ்டி வாங்கிட்டு வா, ஜெராக்ஸ்," என்றது பெட்டி.

நான் அவர் மனைவியின் தம்பி. நகலெடுக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். அக்காவைக் கட்டிய நாளிலிருந்து மாமாவுக்கு நான் ஜெராக்ஸ்தான்.

"வாங்கிடலாம் மாமா. உள்ள போடறது யாரு?"

"நீதான். என் கை லீவுல இருக்கு."

"வாய் போயும் இந்த மனுஷனுக்கு வாய் குறையல," என்றாள் அக்கா, போர்வையை மடித்துக்கொண்டே.

பெட்டியில் ஓடிய இயங்குதளம் கடையில் கிடைப்பதில்லை. கை ஓடிய காலத்தில் மாமாவே எழுதியது. லிஃப்ட், எடை போடும் தராசு, துணி துவைக்கும் இயந்திரம் என்று ஒரே வேலையைச் செய்யும் கருவிகளுக்குள் உட்கார்ந்திருக்கும் சின்ன இயங்குதளங்களை எழுதுவதுதான் அவர் பிழைப்பு. நம் கணினியில் இருப்பது எல்லா வேலைக்கும் தயாராக நிற்க வேண்டும். அதனால் விழித்ததும் பிரிண்டர் உண்டா, இணையம் உண்டா என்று ஊரெல்லாம் விசாரிக்கும். மாமா எழுதியது விழித்ததும் ஒன்றைத்தான் தேடும்: கண் எங்கே? மற்றதையெல்லாம் அவர் உருவி எடுத்துவிட்டிருந்தார். ஒரு கொட்டாவி விடும் நேரத்தில் அது பேசத் தயாராகிவிடும்.

செய்யவேண்டியதை அவரே திக்கித் திக்கிச் சொன்னார். மேசை இழுப்பறையில் பென்டிரைவ் இருக்கிறது, அதில் இயங்குதளம் முழுதாக இருக்கிறது, அதை எஸ்எஸ்டியில் எழுதவேண்டும்.

"பழைய டிஸ்க்லேர்ந்து எதையாவது காப்பி எடுக்கணுமா மாமா?"

"எதைப் பார்த்தாலும் காப்பிதானா உனக்கு? அதுல என் கண் அளவு மட்டும்தான் இருக்கு. புதுசா எடுத்துக்கலாம். ரெண்டு நிமிஷ வேலை."

அதுதான் அவர் கடைசியாகச் சொன்னது.

பெட்டியை அணைத்துத் திருகுகளைக் கழற்றினேன். எஸ்எஸ்டி ஒரு பிஸ்கட் கனம்கூட இல்லை. அதற்குள் சுழலும் பாகம் எதுவும் கிடையாது. கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான அறைகளில் மின்னூட்டத்தை அடைத்துவைக்கிறது. எந்த அறையில் இருக்கிறது, எதில் இல்லை என்பதுதான் அதன் எழுத்து. மின்சாரம் போனாலும் அடைத்தது கலையாது. இதையெல்லாம் அக்காவுக்குச் சொல்லிக்கொண்டே மாட்டினேன். பென்டிரைவைச் செருகியதும் திரையில் ஒரு கோடு நீளத் தொடங்கியது. எழுதி முடித்ததும் முதலிலிருந்து திரும்பப் படித்து, மூலத்தோடு ஒப்பிட்டு, சரி என்றது. கட்டிலைத் திரும்பிப் பார்த்தேன். மாமாவின் கண்ணில் சிரிப்பு இருந்தது.

திரை கறுத்து, நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி வந்தது.

கண் அளவு எடுப்பது இப்படித்தான். ஒருவர் விழி மாதிரி இன்னொருவர் விழி இருக்காது. அதனால் பெட்டி தனக்கு இடம் தெரிந்த ஒன்பது புள்ளிகளை ஒவ்வொன்றாகக் காட்டி, ஒவ்வொன்றையும் பார்க்கும்போது விழி எப்படி இருக்கிறது என்று குறித்துக்கொள்ளும். இடைப்பட்ட இடங்களை அதிலிருந்து கணக்குப் போடும். ஒன்பதும் பச்சையானால்தான் எழுத்துகள் வரும். நடு வரிசை மூன்றும் பச்சையாயின. கீழ் வரிசை மூன்றும் பச்சையாயின. ஏழாவது புள்ளி திரையின் மேலே, இடது மூலையில் வந்தது.

அது வெள்ளையாகவே இருந்தது.

"மேல பாருங்க மாமா."

"பாத்துட்டுதான் இருக்காரு," என்றாள் அக்கா. முகத்தருகே குனிந்து விழிகளையே கவனித்தவள் குரலைத் தாழ்த்தினாள். "போகலடா. பாதியிலயே நிக்குது."

நேற்றுவரை மேல் வரிசை எழுத்துகளை எழுதியவர்தானே என்று யோசித்தபோதுதான் எனக்குப் பிடிபட்டது. பழைய பெட்டி நாள்தோறும் தன் கணக்கைக் கொஞ்சம் திருத்திக்கொண்டே வந்திருக்கிறது. விழி ஒரு மயிரிழை குறைவாக ஏறினால், அந்தக் குறைவையே முழுதாக எடுத்துக்கொண்டது. மறுநாள் இன்னொரு மயிரிழை. நோய் கண்ணுக்கும் வந்துவிட்டதை அது யாருக்கும் காட்டவில்லை, அவருக்கும்கூட. புதியதற்கு இந்தக் கதை எதுவும் தெரியாது.

பழைய டிஸ்க்கைத் திரும்ப மாட்டினேன். டக் டக் என்று இரண்டு முறை தட்டிவிட்டு அடங்கியது. சுழன்றுகொண்டே இருந்தவரை ஓடிய தட்டு, ஒரு முறை நின்றபின் கிளம்ப மறுத்தது.

எஸ்எஸ்டியை மாட்டி மறுபடி தொடங்கினோம். புள்ளி தூரத்தில் இருந்தால் விழி குறைவாகத் திரும்பினால் போதும் என்று திரையைப் பின்னால் தள்ளினேன். கேமராவுக்கு விழி எட்டவில்லை. தாங்கியைக் கழற்றித் திரையைக் கையாலேயே தாழ்த்திப் பிடித்தேன். மேல் வரிசை கண்ணுக்கு எட்டியது. ஆனால் கீழ் வரிசையைப் பார்க்கும்போது இமை இறங்கிக் கருவிழியை மறைத்தது. மேலே கிடைத்தால் கீழே போயிற்று.

மிஞ்சியது இமை. ஒரு முறை மூடினால் ஆமா, இரண்டு முறை மூடினால் இல்லை.

"மேல் வரிசையைத் தாண்டிப் போக வழி இருக்கா மாமா?"

இரண்டு.

"நீங்களே அப்படித்தான் எழுதினீங்களா?"

ஒன்று.

"மாத்தி எழுத முடியுமா?"

ஒன்று.

"நான் மாத்த முடியுமா?"

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இரண்டு.

அக்கா சிரித்துவிட்டாள். உடனே முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "உங்க ஆபீஸ்ல யாருக்காவது தெரியுமாங்க?"

இமை இறங்கியது, ஏறியது, பாதி இறங்கி நடுங்கியது.

"ஒன்னு," என்றேன்.

"ரெண்டுடா. சரியாப் பாரு."

"ரெண்டாவது சும்மா துடிச்சுது அக்கா."

"இத்தனை நாளா பாக்கறேன், எனக்குத் தெரியாதா?"

திரும்பக் கேட்டோம். இமைகள் மெல்ல இறங்கின, அவ்வளவுதான். களைத்துப்போய்விட்டன. அக்கா எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள். எந்த எழுத்தில் மூடினார், எங்கே தானாக மூடிக்கொண்டது என்று எங்களால் பிரிக்க முடியவில்லை. "தண்ணி வேணுமா? தலகாணி நகத்தணுமா? பயமா இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே போனாள். பிறகு கேள்வி தீர்ந்து என் பக்கம் திரும்பினாள். "இன்னும் என்ன கேக்கறதுன்னு தெரியலடா. நீ கேளு."

நான் திரையை மறுபடி தாங்கியில் பொருத்தினேன். நடு வரிசையும் கீழ் வரிசையும் பச்சையாகி, ஏழாவது புள்ளி மேலே வந்து நின்றது. அதற்குக் காலக்கெடு கிடையாது. களைத்தவரை அவசரப்படுத்தக் கூடாது என்று அப்படி எழுதியிருந்தார்.

"இன்னிக்குப் போதும், அணைச்சிடறேன் மாமா," என்று பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோனேன்.

அவர் கண்கள் என் கையைப் பார்த்தன. பிறகு அதை விட்டுவிட்டு, புள்ளியை நோக்கி மேலே கிளம்பிப் பாதியில் நின்றன. இறங்கி, மறுபடி கிளம்பின.

நான் கையை எடுத்துக்கொண்டேன்.