மினுங்காத அட்டை

2024 ஜூலை 18, வியாழக்கிழமை. சிவகாசியில், விஸ்வநத்தம் சாலையிலுள்ள ஒரு ஸ்கிரீன் பிரிண்டிங் அச்சகத்தில் நாற்பது அட்டைகள் தயாராகிக் கட்டுப் போடப்பட்டன.

கேலண்டர் அட்டைதான். ஆனால் அதில் சாமி படமோ தேதியோ இல்லை. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒட்டினாற்போல வளைந்து போகும் இரண்டு கறுப்புக் கோடுகள், பக்கத்தில் ஏழு ஸ்வர எழுத்துகள். மின்சாரம் ஓடும் கார்பன் மையில் அடித்தது. ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டி, இரண்டு கோட்டையும் சேர்த்துத் தொட்டபடி விரலை இழுத்தால், விரல் போகிற போக்கில் ஸ்வரமும் வழுக்கிக்கொண்டே போகும். இது மஹ்ரீன் கண்டுபிடித்தது. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் பாடம் நடத்திக்கொண்டே ஒன்றரை வருஷம் இதற்குப் பின்னால் அலைந்தாள். அடித்துக் கொடுத்தது அவள் புருஷன் தவுபிக்.

சாத்தூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றின் பாட்டு டீச்சர் கற்பகம் நாலு மணிக்கு வருவதாக இருந்தது. கீபோர்டில் கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே பாட்டு விழுந்துவிடுகிறது என்பது அவர் குறை. அட்டை பிடித்தால் வகுப்புக்கு அதையே எடுத்துக்கொள்வார். இல்லையென்றால் அன்று மாலையே பத்து கீபோர்டுக்கு ஆர்டர் போய்விடும்.

மூன்று மணிக்கு மஹ்ரீன் வந்தாள். தவுபிக் கட்டைப் பிரித்து ஓர் அட்டையை வெயிலில் திருப்பிக் காட்டினான். பளபளவென்று மின்னியது.

"என்ன மச்சான் இது?"

"லேமினேஷன். நீ கேக்கல, நானாப் போட்டேன். முகமே பாத்துக்கலாம், பாரு."

அவள் பெட்டியை மாட்டிக் கோட்டில் விரல் வைத்தாள். சத்தம் வரவில்லை. அழுத்தினாள். அப்போதும் வரவில்லை.

"மையில விரல் படணும் மச்சான். நீங்க ஸ்வரத்துக்கு மழைக்கோட்டு மாட்டி விட்டுருக்கீக."

தவுபிக்குக்குக் காது சூடானது. ஊரார் வேலையெல்லாம் மினுமினுத்துப் போகும்போது பெண்டாட்டி வேலையை மட்டும் மொட்டையாக அனுப்புவதா என்றுதான் நேற்றுச் சாயங்காலம் தானே நின்று போட்டான். உரித்துப் பார்த்தார்கள். மையும் சேர்ந்து வந்தது. புதிதாக அடித்தால் காய ஒரு நாள் ஆகும்.

"திட்டிரு பிள்ள," என்றான்.

"திட்டுறதுக்கு நேரம் எங்கன இருக்கு? மொதல்ல மை பிடிக்க ஓட்டுவீகளே, அந்த வேஸ்ட் ஷீட் கெடக்கா?"

பைண்டிங் வேலை பார்க்கும் அழகுமீனா தயங்கித் தயங்கி ஒன்றைக் கொண்டுவந்தாள். "இது ஒண்ணுதான்க்கா இருக்கு. சோத்துக்குக் கீழ விரிச்சுட்டேன். கொஞ்சம் ரசம்."

தவுபிக் துடைக்கப் போனான். மஹ்ரீன் அவன் கையைத் தட்டிவிட்டாள். "போதும். நீங்க எதையும் அழகாக்க வேணாம்."

நாலு மணிக்கு வந்த கற்பகம் டீச்சர் காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்து, பெட்டி மாட்டிய அந்த ஷீட்டில் ரிஷபத்திலிருந்து விரலை மெல்ல இழுத்தார். ஒலி அசைந்து அசைந்து காந்தாரத்துக்கு ஏறியது. மறுபடி இழுத்தார். மூன்றாம் தடவை கூடவே பாடினார்.

"காந்தாரம் கொஞ்சம் இறங்கி நிக்குதே?" என்றார் டீச்சர்.

"அந்த இடத்துலதான் ரசம் டீச்சர்," என்றாள் அழகுமீனா, குற்றத்தை ஒப்புக்கொள்பவள் போல.

டீச்சருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "பிள்ளைகளுக்கு ரசம் இல்லாததாக் குடுங்கம்மா."

"மினுங்காது டீச்சர், பரவாயில்லையா?" என்று கேட்டான் தவுபிக்.

"சும்மா இருங்க மச்சான்," என்றாள் மஹ்ரீன்.

கீபோர்டு ஆர்டர் போகவில்லை. திங்கட்கிழமை நாற்பது அட்டைகள் மறுபடி அச்சாகின. புதன்கிழமை காலை அவை லேமினேஷன் இல்லாமல் சாத்தூருக்குப் போய்ச் சேர்ந்தன.